நிழலுள்ள பாதையில் ஒரு நடை



நமது ஆஸ்பத்திரியின் சர்க்கரை வியாதிப் பிரிவில், புதன்கிழமை தோறும் டாக்டர் வருமுன் பத்து நிமிடம் பேசுவது ஆஸ்பத்திரி குருவானவராகிய என் வேலை. ஜெபித்து முடித்தபின் மூன்று ஆலோசனைகள் சொல்லுவேன். மாத்திரையைத் தவறவிடாதீர்கள், சோற்றைக் குறையுங்கள், தினமும் நடங்கள். முதல் இரண்டைப் பற்றியும் கேள்விகள் எழும்பும். மூன்றாவதைப் பற்றி யாரும் எதுவும் கேட்டதில்லை. நடப்பதற்கு என்ன விளக்கம் வேண்டியிருக்கிறது என்று நானும் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன்.

அது தவறு என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் புன்னக்காயலைச் சேர்ந்த ஒரு மீனவப் பெரியவர். அறுபத்தைந்து வயது. கத்தோலிக்க குடும்பத்தவர் ஆகையால் தமது ஊர் வழக்கப்படி என்னையும் "சாமி" என்றே அழைப்பார். நான் அவரை "அண்ணாச்சி" என்பேன். 2022 சித்திரையில் என் பேச்சைக் கேட்டுவிட்டுப் போனவர், மறுநாளே நடக்கத் தொடங்கினார். கடலுக்குப் போய் வந்து, மீன் ஏலம் முடிந்து, வீட்டு வேலையும் தீர்ந்தபின் அவருக்கு ஓய்வு கிடைத்தது உச்சிப்பொழுதில். கரையில் மணல் கொதிக்கிறதே என்று தார் ரோட்டில் நடந்தார். வாழ்நாள் முழுவதும் படகிலும் மணலிலும் வெறுங்காலோடு திரிந்தவர் செருப்பைத் தேடவில்லை. பல ஆண்டுச் சர்க்கரையால் மரத்துப்போயிருந்த பாதம் தாரின் சூட்டை அவருக்குச் சொல்லவும் இல்லை. பாயில் படிந்திருந்த இரத்தக் கறையைப் பார்த்து மகள் கேட்டபோதுதான் கொப்புளம் உடைந்திருப்பது தெரிந்தது. அதன் பிறகும் மஞ்சள் பற்றுப் போட்டு நாட்களைக் கடத்தினார்கள். எங்களிடம் வந்தபோது வலது காலின் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் அவர் கட்டில் அருகே நின்றேன். அவர் என்மேல் குறை சொல்லவில்லை. "நீங்க நடக்கச் சொன்னீயளே சாமி, நான் ஒரு நாள்கூட விடல" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. எங்கே நடப்பது, எந்த நேரத்தில் நடப்பது, காலில் என்ன போட்டுக்கொண்டு நடப்பது என்று நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இன்று விவரமாக எழுதுகிறேன். இதை வாசிக்கிறவர்களில் பலர் என் வயதினர். பலருக்கு இதே வியாதி இருக்கிறது. 2023-ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் தேசத்தில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் ஏறத்தாழ பத்துக் கோடிப் பேர் என்று கணக்கிட்டது. ஆகவே இது ஒரு புன்னக்காயல் பெரியவரின் காரியம் மட்டுமல்ல.

நடை ஏன் மருந்தாகிறது?

நம் காலிலும் தொடையிலும் உள்ள தசைகளே உடம்பின் பெரிய தசைகள். அவை வேலை செய்யும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்து எரிக்கின்றன. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பிலும், அசையும் தசை தனக்கு வேண்டிய சர்க்கரையை எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தாலும் சர்க்கரை ஏறும் வேகம் குறைவது இதனால்தான். அதோடு இரத்தக் குழாய்கள் நெகிழ்வாக இருக்கின்றன, மலச்சிக்கல் குறைகிறது, இரவில் தூக்கம் வருகிறது.

இதை முதன்முதலில் எண்ணிக் காட்டியவர்களில் ஒருவர் இலண்டன் டாக்டர் ஜெரி மாரிஸ். அந்நகரத்து மாடி பஸ்களில் டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் நாள் முழுவதும் படியேறி இறங்கிக்கொண்டிருப்பார். ஒரே பஸ், ஒரே புகை, ஏறத்தாழ ஒரே வகை வாழ்க்கை. ஆனால் மாரடைப்பு டிரைவர்களுக்கே அதிகமாக வந்தது. அவரும் அவரோடு உழைத்தவர்களும் 1953-இல் இதை வெளியிட்டார்கள். படியேறிய கண்டக்டர்கள் யாரும் உடற்பயிற்சி என்று நினைத்து ஏறவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

எவ்வளவு நடக்க வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும். நாளுக்கு அரைமணி நேரமாக வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் குறைந்த அளவு நிறைவேறிவிடும். அந்த அரைமணி நேரத்தை மூன்று பத்து நிமிடங்களாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒன்றுமே செய்யாதிருப்பவர் ஐந்து நிமிடத்திலிருந்து தொடங்கினாலும் நன்மையே.

மரங்களின் கீழே நடப்பது ஏன்?

அதே அரைமணி நேரத்தைப் பஸ் ஓடும் ரோட்டில் நடப்பதற்கும், மரங்களடர்ந்த பாதையில் நடப்பதற்கும் வித்தியாசம் உண்டு. மரம் வெயிலைத் தடுக்கிறது. அது எல்லாருக்கும் தெரியும். அதற்கு மேலும் ஒன்று செய்கிறது. வேரால் உறிஞ்சிய தண்ணீரை இலைகளின் வழியே ஆவியாக விடுகிறது. தண்ணீர் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதே விதமாகத்தான். ஆகவேதான் தகரக் கூரையின் நிழலைவிட வேப்ப மரத்து நிழல் குளிர்ச்சியாயிருக்கிறது. இலைகள் தூசியைப் பிடித்துக்கொள்கின்றன. சருகு விழுந்த மண் தரை, சிமெண்டுத் தரையைப்போல மூட்டுகளைத் தாக்குவதில்லை.

மனதுக்கும் இதில் பங்கு உண்டு. ராஜர் உல்ரிக் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், பென்சில்வேனியாவிலுள்ள ஓர் ஆஸ்பத்திரியில் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் பதிவேடுகளைப் பார்த்தார். ஜன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள் 23 பேர். செங்கல் சுவரைக் கண்டவர்கள் 23 பேர். மரங்களைக் கண்டவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. 1984-இல் வெளியான இந்த ஆய்வு சிறியதுதான். ஆனாலும் அதற்குப்பின் ஆஸ்பத்திரி கட்டுகிறவர்கள் ஜன்னலை எந்தப் பக்கம் வைப்பது என்று யோசிக்கத் தொடங்கினார்கள். ஜப்பான் தேசத்தில் 1982-இல் வனத்துறையே "வனக் குளியல்" என்று பொருள்படும் ஒரு பெயரைச் சூட்டி, ஜனங்களைக் காட்டுப் பாதைகளில் மெதுவாக நடக்க அழைத்தது. காடு மாத்திரைக்குப் பதிலாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. மாத்திரையை விழுங்கிவிட்டு மரத்தடிக்குப் போங்கள் என்றே சொல்லுகிறேன்.

அடையாற்றின் முகத்துவாரத்தில்

நமது பெரியவருக்கு அதன்பின் இன்னொரு சோதனை வந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரை ஊர்களெல்லாம் பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஆறு கடலில் சேரும் இடமாகிய புன்னக்காயலையும் தண்ணீர் சூழ்ந்தது. நாங்கள் செய்துகொடுத்திருந்த செருப்பு வெள்ளத்தோடு போயிற்று. பல நாள் சேற்றிலும் தண்ணீரிலும் வெறுங்காலோடு நின்றார். ஆறியிருந்த இடம் மீண்டும் திறந்தது. இம்முறை மகள் காத்திருக்கவில்லை. வழி திறந்ததும் அழைத்து வந்துவிட்டாள். கால் பிழைத்தது. ஆனால் பெரியவர் பயந்துபோனார். "இனி நடக்கவே மாட்டேன் சாமி" என்று உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்ததும் சர்க்கரை ஏறியது.

பின்னொரு தை மாதத்தில் நான் சென்னையில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். பெரியவரும் தம் மகன் வீட்டுக்கு வந்திருந்தார். என்னையும் நடக்கச் சொல்லியிருந்தார்கள். எனக்கு இருதயக் குழாயில் அடைப்பு. இரண்டு நோயாளிகளும் சேர்ந்து நடப்போம் என்று சொல்லி, ராஜா அண்ணாமலைபுரத்திலுள்ள தொல்காப்பியப் பூங்காவுக்கு அவரை அழைத்துப்போனேன். அடையாறு பூங்கா என்று சொன்னால்தான் அநேகருக்குத் தெரியும்.

அது அடையாற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய கழியோரம். பல ஆண்டுகள் கட்டட இடிபாடுகளும் குப்பையும் கொட்டப்பட்டுக் கழிவுநீர் தேங்கிக் கிடந்த இடம். குப்பையை அகற்றி, நீர் ஓடவும் நிற்கவும் வழி செய்து, நம் கிழக்குக் கடற்கரைக்கே உரிய மரஞ்செடிகளில் 170-க்கும் மேற்பட்ட இனங்களை நட்டார்கள். முதற்கட்டமாக 58 ஏக்கர் பரப்பைச் சீராக்கி 2011 ஜனவரியில் திறந்தார்கள். சென்னையின் நடுவில், இரு பக்கமும் வாகன இரைச்சல் இருக்க, உள்ளே போனால் தவளைச் சத்தமும் நீர்க்கோழியின் சத்தமும் கேட்கிறது.

பாதை சமமானது. ஏற்றம் இறக்கம் என்று சொல்ல ஒன்றுமில்லை. இருபுறமும் மரங்கள் கை கோத்துக்கொண்டு நிற்கின்றன. இடையிடையே தண்ணீர் தெரிகிறது. தடி ஊன்றிய மனிதனும் போகலாம், குழந்தையும் போகலாம். அண்ணாச்சி முதல் ஐந்து நிமிடமும் காலையே பார்த்துக்கொண்டு நடந்தார். தண்ணீர் ஓரமாகச் சேற்றில் நின்ற ஒரு கூட்டம் செடிகளைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"இது நம்ம ஊர்க் கண்டல்லா? இங்க யாரு கொண்டாந்து வச்சா?" என்றார்.

அதன்பின் நான் கேட்பவன், அவர் ஆசிரியர். சேற்றிலிருந்து பென்சிலைப்போல மேல் நோக்கி நிற்பவை அந்த மரத்தின் மூச்சு வேர்கள் என்று காட்டினார். சேற்றுக்குள் காற்று இராது. ஆகையால் வேர் மேலே வந்து மூச்சு வாங்குகிறது. புன்னக்காயலில் அதிகமாயிருப்பது இந்த வெண்கண்டல்தான். உப்புத் தண்ணீரைக் குடித்து, மிஞ்சிய உப்பை இலை வழியே வெளியே தள்ளும். இலையை நாக்கில் வைத்தால் கரிக்கும். அந்த வேர்களுக்கிடையேதான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஒதுங்கி வளருகின்றன. "சின்னப் பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் மாதிரி சாமி. இங்க வளந்துதான் கடலுக்குப் போகும்" என்றார்.

பேசிக்கொண்டே நடந்ததில் இருபத்தைந்து நிமிடம் போயிருந்தது. இடையில் இரண்டு முறை உட்கார்ந்தோம். பயந்து உட்கார்ந்திருந்த மனிதர் அன்று நடந்ததற்குக் காரணம் என் உபதேசமல்ல. நிழலும், சமமான தரையும், பார்ப்பதற்கும் பேசுவதற்கும் ஒரு காரியமும் இருந்தன. எம்மா ஊருக்கு வழிநடந்த இருவருக்கும் பேச்சு இருந்தது. ஆகவே தூரம் தெரியவில்லை என்று நான் பிரசங்கித்ததுண்டு. அதன் அர்த்தம் எனக்கு அன்று சற்று நன்றாக விளங்கிற்று.

சென்னையிலுள்ளவர்களுக்குக் கிண்டியும் உண்டு. 1821-இல் அரசாங்கம் ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து 35,000 ரூபாய்க்கு வாங்கிய காடு அது. 1910-இல் 505 ஹெக்டேர் பரப்புள்ள ஒதுக்குக் காடாக அறிவிக்கப்பட்டது. கல்வி நிறுவனங்களுக்கும் நினைவிடங்களுக்கும் கொடுத்தது போக, எஞ்சிய சுமார் 270 ஹெக்டேர் 1978-இல் தேசியப் பூங்காவாயிற்று. வெளிமானும் புள்ளிமானும் நரியும் ஒரு மாநகரத்திற்குள் இன்றும் வாழுகின்றன. காட்டுக்குள் நம் விருப்பப்படி போக முடியாது. அதை ஒட்டிய சிறுவர் பூங்காவில் மர நிழலில் நடக்கலாம். 2024-இல் அதைப் புதுப்பித்துத் திறந்தார்கள். எந்தப் பூங்காவாக இருந்தாலும் நேரமும் கட்டணமும் விடுமுறை நாளும் மாறக்கூடியவை. போகுமுன் ஒரு முறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

நடக்கத் தொடங்குகிறவர்களுக்கு

இப்போது, 2022-இல் நான் சொல்லியிருக்க வேண்டியவற்றைச் சொல்லுகிறேன். எங்கள் டாக்டர்களிடமும் நர்சம்மாக்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டவை இவை.

முதலாவது, பாதம். சர்க்கரை உள்ளவர்கள் வீட்டுக்குள்ளேயும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. எம்.சி.ஆர். செருப்பு என்று ஒன்று உண்டு. மிருதுவான நுண்துளை ரப்பரால் செய்த அடிப்பாகமும், காலைக் கழலாமல் பிடிக்கும் பின்வாரும் உள்ளது. குஷ்டரோகிகளின் பாதங்கள் ஏன் புண்ணாகின்றன என்று வேலூரிலும் கரிகிரியிலும் டாக்டர் பால் பிராண்டும் அவரோடு உழைத்தவர்களும் ஆராய்ந்தார்கள். வியாதி நேராகத் தின்பதால் அல்ல, வலி தெரியாததால் காயம் பெருகுகிறது என்று கண்டார்கள். அந்த நோயாளிகளுக்காக உண்டான செருப்பு இன்று சர்க்கரை நோயாளிகளின் கால்களைக் காப்பாற்றுகிறது. புதுச் செருப்பை முதல் நாளே அரைமணி நேரம் போடாதீர்கள். போடுமுன் உதறிப் பாருங்கள். உள்ளே ஒரு சிறு கல் இருந்தாலும் மரத்த கால் அதைச் சொல்லாது. நடந்து வந்ததும் பாதத்தைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கு முதல் குதிகால் வரை பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் கண் கூர்மையானது. சிவப்போ, கொப்புளமோ, வெடிப்போ கண்டால் அன்றே காட்டுங்கள். பாதத்தில் புண் உள்ளவர்கள் டாக்டர் அனுமதிக்கும்வரை நடைப்பயிற்சி செய்யக் கூடாது.

இரண்டாவது, நேரம். நம் ஊர் வெயிலில் காலை எட்டு மணிக்குள்ளும், மாலை ஐந்து மணிக்குப் பின்னும் நல்லது. பூங்கா தாமதமாகத் திறந்தால் நிழலைவிட்டு விலகாதீர்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றில் நடக்கக் கூடாது. சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலமோ நாலு மிட்டாயோ இருக்கட்டும். திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, பசி எடுத்து, புத்தி தடுமாறினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே உட்கார்ந்து அதை வாயில் போட்டுக்கொள்ளுங்கள். வீடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நடந்தவர்கள் வழியில் விழுந்ததுண்டு.

மூன்றாவது, வேகம். இதற்குக் கருவி ஒன்றும் வேண்டாம். நடக்கும்போது பக்கத்திலுள்ளவரோடு பேச முடிய வேண்டும்; ஆனால் கீர்த்தனை பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் இன்னும் சற்று வேகமாக நடக்கலாம். பேசவும் முடியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் மெதுவாயிருக்கட்டும்.

நான்காவது, தரை. மரப்பாதையின் அழகு மேலே இருக்கிறது. அபாயம் கீழே இருக்கிறது. பாதையின் குறுக்கே ஓடும் வேர், மழைக்குப்பின் பாசி, சருகுக்குள் மறைந்த கல் ஆகிய மூன்றும் வயதானவர்களை விழத்தட்டும். மரத்தைப் பார்க்க வேண்டுமானால் நின்று பாருங்கள். நடந்துகொண்டே அண்ணாந்து பார்க்காதீர்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் கைத்தடியை வலியில்லாத பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். வலி வலது காலில் என்றால் தடி இடது கையில். பெரும்பாலானவர்கள் இதை மாற்றியே செய்கிறார்கள். பாதையை விட்டுப் புதருக்குள் இறங்காதீர்கள். பாம்பு நம்மைத் தேடி வருவதில்லை. நாம் மிதித்தால் கடிக்கும். கடித்துவிட்டால் கயிறு கட்டுவதும் கீறுவதும் கூடாது. காலை அசைக்காமல் விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஐந்தாவது, நிறுத்த வேண்டிய வேளை. நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மிஞ்சிய மூச்சு வாங்கல், தலைச்சுற்றல் ஆகியவை வந்தால் அன்றைய நடை முடிந்தது. தனியே போகாமல் உடனே உதவியை அழையுங்கள். கொஞ்சத் தூரம் நடந்ததும் கெண்டைக்காலில் வலி பிடித்து, நின்றால் விட்டுவிடுகிறதா? அது காலின் இரத்தக் குழாய் சுருங்கியிருப்பதற்கு அடையாளமாயிருக்கலாம். வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டிராமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, பூங்காவுக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை. தண்ணீர்ப் பாட்டிலைத் திரும்ப எடுத்து வாருங்கள். குரங்குக்கும் மானுக்கும் தின்பண்டம் போடாதீர்கள். ரேடியோவும் செல்போன் பாட்டும் அங்கே வேண்டாம்.

புன்னை மரத்து நிழல்

பூங்கா இல்லாத ஊர்க்காரர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அண்ணாச்சியும் அதைத்தான் கேட்டார். திரும்பி வரும் வழியில், "இங்க நிழலக் கட்டி வச்சிருக்காவ. எங்க ஊருக்குப் போனா உச்சி வெயிலும் உப்புக் காத்தும்லா" என்றார்.

ஆனால் அவர் ஊரின் பெயரிலேயே ஒரு மரம் இருக்கிறது. புன்னை நெய்தல் நிலத்து மரம். உப்புக் காற்றையும் மணலையும் தாங்கி வளரும். ஆண்டு முழுவதும் இலை நிற்கும். இலை தடித்து மினுங்கும். வெள்ளைப் பூ மணக்கும். அதன் கொட்டையிலிருந்து எடுத்த எண்ணெயில் விளக்கெரித்தார்கள். நற்றிணையில் ஒரு பாடலில், சிறுமியாக இருந்தபோது மணலில் புதைத்து விளையாடிய புன்னை விதை முளைத்து மரமாகிவிடுகிறது. நெய்யும் பாலும் ஊற்றி அதை வளர்த்தவளிடம், அது உன் உடன்பிறந்தவள் என்று தாய் சொல்லியிருக்கிறாள். ஆகையால் அந்த நிழலில் காதலனோடு சிரித்துப் பேச அவள் வெட்கப்படுகிறாள். நிழல் தரும் மரத்தைக் குடும்பத்தில் ஒருத்தியாக நினைத்த கரை நம் கரை.

அந்த ஊருக்கு ஆஸ்பத்திரி ஊழியமும் புதியதல்ல. இயேசு சபைக் குருவாகிய ஹென்றிக்கே ஹென்றிக்கஸ், தமிழ் எழுத்தில் முதன்முதல் அச்சான புத்தகமாகிய தம்பிரான் வணக்கத்தை 1578-இல் கொல்லத்தில் அச்சேற்றியவர், பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் புன்னக்காயலில் நோயாளிகளுக்காக ஓர் ஆஸ்பத்திரி ஏற்படுத்தினார். பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவருக்கு ஆச்சரியம்.

ஊர் திரும்பியபின் எங்கள் வளாகத்தில் ஒரு சிறு காரியம் செய்தோம். புறநோயாளிப் பிரிவிலிருந்து சிற்றாலயம் வரை சுற்றுச்சுவரை ஒட்டி வேம்பும் வாகையும் ஏற்கெனவே நின்றன. கீழே முள்ளும் உடைந்த ஓடும் கிடந்தன. அவற்றை அகற்றி மண்ணைச் சமப்படுத்தினோம். பழைய பெஞ்சுகள் மூன்றைக் கொண்டுபோய்ப் போட்டோம். நிழல் விழாத இடைவெளிகளில் புன்னைக் கன்று நட்டிருக்கிறோம். ஒரு சுற்று நடக்க ஆறு நிமிடம் ஆகும். புதன்கிழமைகளில் நான் இப்போது அறைக்குள் நின்று பேசுவதில்லை. எல்லாருடைய செருப்பையும் பார்த்தபின், நடந்துகொண்டே பேசுகிறேன். கேள்விகளும் வருகின்றன.

அண்ணாச்சி மாதம் ஒரு முறை வருகிறார். ஊரில் காலை ஆறு மணிக்கு எம்.சி.ஆர். செருப்போடு நடக்கிறார், பேத்தி தினமும் இரவில் அவர் பாதத்தைப் பார்க்கிறாள். அவர் கையில் கொடுத்தனுப்பிய புன்னைக் கன்றுகள் இரண்டில் ஒன்றை ஆடு தின்றுவிட்டது. மற்றதற்கு வலைத்துண்டால் வேலி கட்டியிருக்கிறாராம். இடது காலில் ஐந்து விரல்களும் வலது காலில் மூன்று விரல்களும் இன்றுவரை பத்திரமாயிருக்கின்றன.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் தெருவிலோ சபையிலோ, டாக்டர் நடக்கச் சொல்லியும் நடவாமல் உட்கார்ந்திருக்கிற ஒருவர் இருப்பார். பயமாயிருக்கலாம், துணையில்லாமலிருக்கலாம், நல்ல செருப்பு இல்லாதிருக்கலாம். இந்த வாரத்தில் ஒரு நாள் காலையில் அவர் வீட்டுக்குப் போங்கள். அவர் காலைப் பாருங்கள். பின்பு மரமுள்ள ஒரு பாதையில் பத்து நிமிடம் அவரோடு நடந்துவிட்டு வாருங்கள்.

உங்கள் அன்பின் ஊழியன்,
ஆஸ்பத்திரி குருவானவர்